செடி ஸ்டீராய்டு டப்பாக்கள்: எதில் சரக்கு, எதில் வெறும் லேபிள்

எக்டிஸ்டிரோன், டர்கெஸ்டிரோன், லாக்ஸோஜெனின், அஸ்வகந்தா, ட்ரிபுலஸ். சப்ளிமெண்ட் கடையில் 'நேச்சுரல் அனபாலிக்', அதாவது இயற்கையாகத் தசை வளர்ப்பது என்ற அலமாரியில் இந்த ஐந்து பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஐந்தும் செடியிலிருந்து வந்தவை, அல்லது வந்ததாகச் சொல்லப்படுபவை. ஆனால் ஐந்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அஸ்வகந்தாவுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வு ஓரளவு உண்டு. எக்டிஸ்டிரோனுக்கு ஒன்றிரண்டு கவனிக்கத்தக்க ஆய்வும், அதைவிடப் பெரிய கலப்படப் பிரச்சினையும் உண்டு. மற்ற மூன்றிலும் பலமாக இருப்பது டப்பாவின் அட்டைதான்.

இன்னும் கிரியாட்டின் என்ற அடிப்படைச் சப்ளிமெண்டைக்கூடத் தொடங்காதவர் இந்த அலமாரிப் பக்கமே வர வேண்டாம். தினம் 3 முதல் 5 கிராம் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் தரும் பலனுக்கு இருக்கும் ஆதாரத்தில் கால்வாசிகூட இந்த ஐந்தில் எதற்கும் இல்லை. அதைத் தொடங்கி, சாப்பாட்டில் புரதத்தையும் சரிசெய்துவிட்டு, 'அடுத்து என்ன' என்று கேட்பவர்களுக்காகத்தான் இது.

ஸ்டீராய்டு என்றதும் ஊசியும் பருக்கள் நிறைந்த முதுகும் நினைவுக்கு வருகின்றன. வேதியியலில் அது ஒரு கட்டமைப்பின் பெயர்: மூன்று அறுகோண வளையங்கள், ஒரு ஐங்கோண வளையம், நான்கும் ஒன்றோடொன்று ஒட்டியபடி. கொலஸ்ட்ரால், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் எல்லாம் இதன்மேல் கட்டியவைதான். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருக்கும் பீட்டா சிட்டோஸ்டெராலும் இதே குடும்பம். நல்லெண்ணெய் ஊற்றித் தோசை சாப்பிட்டவருக்கு யாரும் 'சைக்கிள் போகிறார்', அதாவது ஸ்டீராய்டு எடுக்கிறார் என்று சொல்வதில்லை. கட்டமைப்பு ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விளம்பரம் எழுதுகிறவர் பயன்படுத்திக்கொள்வது இந்தக் குழப்பத்தைத்தான்.

எக்டிஸ்டிரோன்

இதன் கதை பட்டுப்புழுவில் தொடங்குகிறது. 1954-ல் ஜெர்மனியில் பூட்டெனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். புழு தோலுரிக்கவும் கூட்டுப்புழுவாக மாறவும் உத்தரவு கொடுக்கும் ஹார்மோன் அது. 1966-ல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் போடோகார்பஸ் மரங்களில் இதே வகைப் பொருள்கள் கொட்டிக் கிடப்பது தெரியவந்தது. தன்னைத் தின்ன வரும் பூச்சியின் தோலுரிப்புக் கணக்கைக் குலைக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது என்பதுதான் பொதுவான விளக்கம். பட்டு வளர்ப்பவர்களுக்கு இது புதிய சரக்கே இல்லை. தொகுதியில் சில புழுக்கள் பழுக்க, அதாவது கூடு கட்டத் தயாராக, தொடங்கியதும் செடியிலிருந்து எடுத்த எக்டிஸ்டிராய்டுக் (எக்டைசோன் வகைப் பொருள்) கரைசலை மல்பெரி இலைமேல் தெளித்துப் போட்டால், மீதிப் புழுக்களும் அதிக நேரம் இழுக்காமல் சேர்ந்தாற்போல் பழுத்து, கூடு கட்ட வைக்கும் தட்டான சந்திரிகையில் ஏறிவிடும்.

காப்ஸ்யூலில் வருவது இதன் நெருங்கிய உறவான 20-ஹைட்ராக்ஸி எக்டைசோன். லேபிளில் பீட்டா எக்டிஸ்டிரோன் என்றோ எக்டிஸ்டிரோன் என்றோ போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே பொருள்தான். பூச்சிக்கு இருக்கும் எக்டைசோன் ஏற்பி (செல்லில் ஹார்மோன் வந்து உட்காரும் இடம்) மனிதனுக்குக் கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் உட்காரும் ஆண்ட்ரோஜன் ஏற்பியிலும் இது உட்காருவதில்லை. தசைச் செல்களை வளர்த்துச் செய்த சோதனைகளில் புரத உற்பத்தியைக் கூட்டியிருக்கிறது. அது எந்த வழியாக என்பதில் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஈஸ்ட்ரோஜன் பீட்டா ஏற்பியைக் கைகாட்டுகிறது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2019-ல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டது. 46 இளைஞர்கள், 10 வாரம், பார்பெல் பயிற்சி. காப்ஸ்யூல் எடுத்தவர்களுக்குத் தசை எடையும் பெஞ்ச் பிரஸ் பலமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறின. ஈரல், சிறுநீரகக் குறியீடுகளில் கோளாறு தெரியவில்லை. ஆய்வாளர்கள் இதைத் தடைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, தடை செய்யாமல் 2020 முதல் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. அன்றிலிருந்து 'வாடாவே பயப்படும் சரக்கு' என்று விளம்பரம் ஓடுகிறது.

அதே ஆய்வறிக்கையில் விளம்பரம் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. ஆய்வுக்குக் கொடுத்த காப்ஸ்யூலின் லேபிளில் 100 மி.கி. எக்டிஸ்டிரோன் என்று இருந்தது. பரிசோதித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது 6 மி.கி. அதாவது தினம் 2 காப்ஸ்யூல் எடுத்தவர்களுக்குப் போனது 12 மி.கி.; 8 காப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கு 48 மி.கி. கடையில் இன்று '500 மி.கி. தினம் இருவேளை' என்று விற்பவர்கள் சான்றாகக் காட்டுவதும் இந்த ஆய்வைத்தான். கணக்கு எங்கேயோ உதைக்கிறது. லேபிள் உண்மையென்றால் ஆய்வில் கொடுத்த அதிகபட்ச அளவைப்போல் இருபது மடங்கு விழுங்குகிறீர்கள். லேபிள் பொய்யென்றால் எவ்வளவு விழுங்குகிறீர்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வேறு ஓட்டைகளும் உண்டு. 46 பேரை நான்கு குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். தசையை அளந்தது உடலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் முறையில். உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் அதன் கணக்கு நகரும். 94 விழுக்காடு சரக்கு இல்லாத காப்ஸ்யூலில் வேறு என்ன இருந்தது என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் 2006-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த ஆண்களுக்குத் தினம் 200 மி.கி. எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தசையிலும் பலத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. விளம்பரத்தில் இந்த ஆய்வை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

மருந்தாக இதைச் சுத்தமாகத் தயாரித்துச் சோதித்தவர்கள் பிரான்ஸின் பயோஃபைட்டிஸ் நிறுவனத்தார். முதுமையில் தசை கரையும் சார்கோபீனியாவுக்காக, 175 அல்லது 350 மி.கி. தினம் இருவேளை, ஆறு மாதத்துக்கு மேல் கொடுத்தார்கள். 350 கொடுத்த குழுவில் நடைவேகம் கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தது. சேர்ந்த எல்லாரையும் கணக்கில் எடுத்தபோது அது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. விதிமுறைப்படி கடைசிவரை மருந்தெடுத்தவர்களை மட்டும் எடுத்தபோது உறுதியானது. பாதுகாப்பில் பெரிய சிக்கல் வரவில்லை. உறுதியான அளவில் சுத்தமான சரக்கு கொடுத்தும் கிடைத்தது இவ்வளவுதான் என்பதை, 'பத்தே வாரத்தில்' என்று தொடங்கும் போஸ்டரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலக் சாப்பிட்டால் போதாதா

எக்டிஸ்டிரோன் கீரையில் இருக்கிறது என்றதும் வரும் முதல் கேள்வி இது. பதிலுக்கு முன்னால் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஆய்வுகளில் வருவது ஸ்பினாஷியா ஒலரேசியா. நம் அகராதிகள் அதைப் பசலை என்று மொழிபெயர்த்துவிட்டன. கொடியில் படரும் கொழகொழப்பான பசலை பசெல்லா என்ற வேறு செடி. சந்தையில் பாலக் என்று கட்டுக்கட்டாக வருவதும் பல ஊர்களில் பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த கீரைதான். இலை பார்க்க ஒன்றுபோல இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

சரி, அசல் ஸ்பினாச்சே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த இலையில் 1 கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராமிலிருந்து சில நூறு மைக்ரோகிராம் வரை எக்டிஸ்டிரோன் இருக்கும். விதை, பருவம், இலையின் வயது எல்லாவற்றையும் பொறுத்து மாறும். 100 கிராம் பச்சைக் கீரை காய்ந்தால் 9 கிராம் வரும். 1 கிராமுக்கு 500 மைக்ரோகிராம் என்று தாராளமாகப் போட்டால் நாலரை மி.கி.; 50 என்று போட்டால் அரை மி.கி.கூட இல்லை. பெர்லின் ஆய்வின் குறைந்த அளவான 12 மி.கி. வேண்டுமென்றால் நல்ல கீரையில் கால் கிலோவுக்கு மேல், மட்டக் கீரையில் இரண்டரை கிலோவுக்கு மேல். அதுவும் தினம். கல்லடைப்பு வந்தவர் இந்தப் பரிசோதனையில் இறங்கவே கூடாது. ஸ்பினாச்சில் ஆக்சலேட் மிக அதிகம்.

நம்மூர் நாயுருவி, மூக்கிரட்டை, சீந்தில் ஆகியவற்றிலும் இந்த வகைப் பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. அதை வைத்து 'சித்தர்கள் கண்ட அனபாலிக்' என்று சூரணம் விற்பது வியாபாரம். சித்த மருத்துவத்தில் இவற்றுக்குச் சொன்ன பயன்கள் வேறு. தசை பெருக்க என்று யாரும் சொல்லவில்லை. சீந்திலைக் கண்டபடி நீண்டநாள் குடித்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

லேபிளைப் படிக்கும் விதம்

டப்பாவைத் திருப்புங்கள். முன்பக்க எண்ணை மறந்துவிடுங்கள்.

முதலில் செடியின் பெயர். 'ஸ்பினாச் எக்ஸ்ட்ராக்ட்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் 50 விழுக்காடு எக்டிஸ்டிரோன் என்று போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். மேலே போட்ட கீரைக் கணக்கைப் பார்த்தால் அந்த அளவுக்குக் கீரையிலிருந்து எடுத்து இந்த விலைக்கு விற்கக் கட்டுப்படியாகாது என்று புரியும். சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதிக்கு மூலம் சீனாவில் விளையும் சயனோட்டிஸ் அராக்னாய்டியா என்ற செடி. ஐரோப்பியச் சந்தையில் கீரை என்ற பெயரில் இந்தச் செடியின் சாறு விற்கப்படுவதை ஹங்கேரி ஆய்வாளர்கள் 2016-ல் வேதியியல் சான்றோடு வெளியிட்டார்கள். சயனோட்டிஸ் என்று ஒளிக்காமல் போடுகிற நிறுவனம் குறைந்தபட்சம் ஒரு விஷயத்திலாவது உண்மை சொல்கிறது. ரபோன்டிகம், அதாவது லூசியா அல்லது மரால் வேர், சோவியத் காலத்து மூலம். எக்டிஸ்டென் என்ற பெயரில் அங்கே மருந்தாக வந்த மாத்திரையில் இருந்தது வெறும் 5 மி.கி.

அடுத்தது, எடையும் செறிவும். '500 மி.கி.' என்பது சாற்றின் எடையா, எக்டிஸ்டிரோனின் எடையா? 500 மி.கி. சாறு, 50 விழுக்காடு செறிவு என்றால் சரக்கு 250. செறிவு போடாமல் எடை மட்டும் போட்டிருந்தால் அது எண்ணே இல்லை. 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று நாலு செடியைக் கலந்து மொத்த எடையை மட்டும் போட்டிருந்தாலும் அதே கதிதான்.

மூன்றாவது, பரிசோதனை அறிக்கை. 'லேப் டெஸ்டட்' என்ற முத்திரை போதாது. உங்கள் டப்பாவின் பேட்ச் எண்ணும் அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சோதித்த முறை எச்பிஎல்சி என்று இருக்க வேண்டும். யூவி என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எக்டிஸ்டிராய்டுகள் 245 நானோமீட்டர் பக்கத்தில் புறஊதா ஒளியை உறிஞ்சும். சாற்றில் உள்ள மற்றப் பல பொருள்களும் அதே இடத்தில் உறிஞ்சும். யூவி கருவிக்கு யார் யார் என்று பிரிக்கத் தெரியாது. எல்லாரையும் சேர்த்து எண்ணி 90 விழுக்காடு என்று தலையாட்டும். எச்பிஎல்சி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரிசையில் நிறுத்தி எண்ணும். அறிக்கை கொடுத்த ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் தொழில் நடத்துவதற்கான உரிமத்தின் எண். உள்ளே சரக்கு எவ்வளவு என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசில் பத்துக் காப்ஸ்யூலைச் சேர்த்து நிறுங்கள். '0' அளவுக் காப்ஸ்யூலின் வெற்றுக்கூடு ஏறத்தாழ 0.1 கிராம். பத்துக்கு 1 கிராமைக் கழித்து மீதியைப் பத்தால் வகுத்தால் ஒன்றில் உள்ள தூளின் எடை வரும். 600 மி.கி. சாறு என்று போட்டுவிட்டு உள்ளே 380 இருந்தால், பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே பொய் பிடிபட்டது. அப்புறம் ஒன்றைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ளது வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கும். 50 விழுக்காடு என்றால் பழுப்பு, மஞ்சள் கலந்த நிறம். 95 விழுக்காடு என்று சொல்லிவிட்டுப் பச்சையாகக் கீரைப்பொடி மாதிரி கொட்டினால் அது கீரைப்பொடிதான். வெள்ளையாக இருப்பதாலேயே அசல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் வெள்ளைதான்.

விலையை மில்லிகிராமுக்குப் போட்டுப் பாருங்கள். 60 காப்ஸ்யூல், 2,400 ரூபாய், ஒன்றில் 250 மி.கி. சரக்கு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15,000 மி.கி.; மில்லிகிராமுக்கு 16 பைசா. பெர்லினில் நடந்ததுபோல் சொன்னதில் 6 விழுக்காடுதான் இருந்தால் மொத்தமே 900 மி.கி.; மில்லிகிராம் 2 ரூபாய் 67 பைசா ஆகிவிடும். பேட்ச் அறிக்கை கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எவ்வளவு லாபம் என்று இதிலிருந்து தெரியும். பதில் வராத நிறுவனத்தின் சரக்கை வாங்க வேண்டியதில்லை.

எடுப்பதாக இருந்தால்

எக்டிஸ்டிரோன் உடலில் அதிக நேரம் தங்காது. சில மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். அதனால் ஒரே வேளையாக விழுங்குவதைவிடச் சாப்பாட்டோடு இரண்டு வேளையாகப் பிரிப்பது சரி. வெறும் வயிற்றில் எடுத்தால் சிலருக்குக் குமட்டும். பத்து வாரம் கெடு வையுங்கள். தொடங்கும் முன் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றிலும் ஐந்து ரெப் எடை (தொடர்ந்து ஐந்து முறை தூக்க முடிகிற எடை), தொப்புளுக்கு நேரான இடுப்புச் சுற்றளவு, காலை வெறும் வயிற்று எடை இவற்றை எழுதிவையுங்கள். இந்தப் பத்து வாரத்தில் வேறு எதையும் மாற்றக் கூடாது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்: டப்பா வாங்கிய அதே வாரத்தில் கோச்சை மாற்றி, முட்டையைக் கூட்டி, தூக்கத்தையும் சரிசெய்துவிட்டு, பலன் முழுவதையும் காப்ஸ்யூலின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இதோடு 'பிசிடி' டப்பா ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். ஊசி ஸ்டீராய்டு உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிடும் என்பதால் அதை விட்ட பிறகு எடுக்கும் மருந்து வரிசைதான் பிசிடி. ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தொடாத பொருளுக்கு அது எதற்கு? வாங்காதீர்கள்.

மாறாக, செடிக் காப்ஸ்யூல் எடுத்து இரண்டே வாரத்தில் நாலு கிலோ ஏறினாலோ, முகமெல்லாம் பரு வந்தாலோ, மார்க்காம்பு வலித்தாலோ, பாலுறவு ஆசை சட்டென்று குறைந்தாலோ சந்தோஷப்படாதீர்கள். செடி அந்த வேலையைச் செய்யாது. டப்பாவில் எழுதாத ஹார்மோன் உள்ளே இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. உடனே நிறுத்திவிட்டு, மீதிக் காப்ஸ்யூல்களை வீசாமல் டப்பாவோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

போட்டிகளில் விளையாடுபவருக்குத் தனிச் சொல்: கண்காணிப்புப் பட்டியல் என்பது தடை இல்லை. ஆனால் இந்த அலமாரிச் சரக்கில் வேறு எதாவது கலந்திருந்து மாதிரியில் மாட்டினால், 'எனக்குத் தெரியாது' என்பது இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் எடுபடாது. உடலுக்குள் என்ன போனாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையதுதான்.

டர்கெஸ்டிரோன்

எக்டிஸ்டிரோனின் தம்பி, ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) கூடுதல். மத்திய ஆசியாவில் வளரும் அஜூகா துர்கெஸ்தானிகா என்ற செடியிலிருந்து எடுப்பது. யூடியூப் புண்ணியத்தில் 2021 வாக்கில் விலை உச்சிக்குப் போனது. சோவியத் கால எலி ஆய்வுகளைத் தாண்டி, பெர்லின் ஆய்வு அளவுக்குக்கூட இதற்கு ஆதாரம் கிடையாது. டப்பாவில் '500 மி.கி., 10 விழுக்காடு' என்றால் சரக்கு 50 மி.கி.தான். சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு சேர்த்தது என்று வருவதில் எடையில் பெரும்பங்கு சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்கே போய்விடும். அண்ணனைவிடப் பல மடங்கு விலை, அண்ணனைவிடக் குறைந்த சாட்சி. தவிர்க்கலாம்.

அஸ்வகந்தா

அமுக்கராங்கிழங்கு. இதில் உள்ள விதனோலைடுகளும் ஸ்டீராய்டு கட்டமைப்புதான், லாக்டோன் வளையம் சேர்ந்தது. இந்த அலமாரியில் காசு கொடுத்து வாங்கலாம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் நிபந்தனையோடு.

2015-ல் வெளிவந்த இந்திய ஆய்வில், எடைப் பயிற்சியில் அதிகப் பழக்கமில்லாத 57 ஆண்களுக்கு வேர்ச்சாறு 300 மி.கி. தினம் இருவேளை எட்டு வாரம் கொடுத்தார்கள். பெஞ்ச் பிரஸில் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 கிலோ ஏறியது, சாறு எடுத்தவர்களுக்கு 46 கிலோ. காலை நீட்டித் தூக்குவதில் 9.8-க்கு 14.5. 46 என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. பயிற்சிக்குப் புதியவர்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். புதியவனுக்கு எட்டு வாரத்தில் மாத்திரையே இல்லாமல் 26 கிலோ ஏறியிருக்கிறது பாருங்கள். ஐந்து வருடம் தூக்கியவருக்கு இந்த எண் வராது. தூக்கமும் மனஅழுத்தமும் சரியாவதால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்பது இதன் பலனில் ஒரு பங்காக இருக்கலாம். பரீட்சை நேரத்திலும் இரவுப் பணியிலும் தவிப்பவர்களுக்கு அதுவே போதும்.

வாங்கும்போது 'வேர் மட்டும்' என்று போட்டிருக்கிறதா, விதனோலைடு விழுக்காடு எவ்வளவு, எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள். இலையில் விதஃபெரின்-ஏ என்ற விதனோலைடு அதிகம், விலை குறைவு; அதனால் வேர்ச்சாற்றில் இலையைக் கலப்பது நடக்கிறது. ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதும் இதை ஒட்டித்தான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடி சாறு இல்லை, 300 மி.கி. சாற்றுக்கு ஈடாகக் கால் ஸ்பூன் பொடி என்று கணக்குப் போடாதீர்கள். பொடியைச் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் பாலோடு எடுப்பது வேறு கணக்கு.

செடிதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. மஞ்சள்காமாலையோடு உடம்பெல்லாம் அரிக்கும் ஈரல் பாதிப்பு, அரிதாக, பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தைராய்டு ஹார்மோனைக் கூட்டும். தைராக்ஸின் மாத்திரை எடுப்பவரும் ஹைப்பர் தைராய்டு உள்ளவரும் தொடக் கூடாது. தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்துவிட்டது. அது மிகை என்று வாதிடுபவர்கள் உண்டு, ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு இடைவெளி விடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

மீதிச் சில்லறை

ட்ரிபுலஸ் என்பது நம் நெருஞ்சில். காலில் குத்தும் அதே முள். பல்கேரியாவிலிருந்து 1980-களில் எழுந்த அலையில் இது டெஸ்டோஸ்டிரோன் கூட்டும் என்று பெயர் வாங்கியது. ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்குத் தினம் 450 மி.கி. ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பலமும் கூடவில்லை, ஹார்மோனும் மாறவில்லை. நீர்க்கடுப்புக்குச் சிறுநெருஞ்சில் கஷாயம் வைக்கும் பாட்டிக்கு இந்த ஏமாற்றம் இல்லை. இதை அதிகம் மேய்ந்த ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகம் வீங்கும் நோய் வரும் என்பது தென்னாப்பிரிக்க ஆட்டுப்பண்ணைகளில் பழைய செய்தி.

வெந்தயச் சாறு 500 மி.கி. எட்டு வாரம் கொடுத்த ஆய்வில் பலம் கூடியதாக வந்திருக்கிறது. வேறு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வியர்வையில் வெந்தய வாசம் அடிக்கும், சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இன்னும் இறங்கலாம். இதில் உள்ள டயோஸ்ஜெனினைத் தொழிற்சாலையில் புரோஜெஸ்டிரோனாக மாற்ற முடியும். 1940-களில் ரசல் மார்க்கர் மெக்சிகோ காட்டுக்கிழங்கை வைத்துச் செய்தது அதைத்தான். மனித உடலில் அந்தத் தொழிற்சாலை இல்லை. 'உடல் தானாகவே ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும்' என்று எந்த லேபிளில் இருந்தாலும் அது பொய்.

லாக்ஸோஜெனின் பெயரில் வருவது பெரும்பாலும் 5-ஆல்ஃபா-ஹைட்ராக்ஸி லாக்ஸோஜெனின். செடியில் இருப்பதாகப் படம் போட்டிருந்தாலும் இது ஆய்வகத்தில் செய்தது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைச் சப்ளிமெண்ட்டில் சேர்க்கத்தக்க பொருளாக ஏற்கவில்லை. மனிதரிடம் ஒழுங்கான ஆய்வும் இல்லை. தொடாதீர்கள். பிராசினோஸ்டீராய்டு என்றும் சிலதில் எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்து ஹோமோபிராசினோலைடு 0.04 விழுக்காடு கரைசலாகப் பூச்சிமருந்துக் கடையில் விற்கிறது, கடலைக்கும் திராட்சைக்கும் தெளிக்க. அந்த வேலைக்கு நல்ல சரக்கு.

தசைக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், உடல்நலத்துக்கு உறுதியான ஆதாரம் உள்ள செடி ஸ்டீராய்டு என்றால் பீட்டா சிட்டோஸ்டெரால் அடங்கிய பைட்டோஸ்டெரால் குடும்பம்தான். தினம் 2 கிராம், சாப்பாட்டோடு எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் 8 முதல் 10 விழுக்காடு குறையும். குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தை இது பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நல்லெண்ணெயிலும் கடலையிலும் இருக்கும் அளவு 2 கிராமுக்கு எட்டாது. ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர் அதற்குப் பதிலாக இதை எடுக்கக் கூடாது. சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ள குடும்பத்தினருக்கு இது ஆகாது.

எதை எடுத்தாலும் தொடங்கும் முன்னும், ஆறாவது வாரத்திலும் ஈரல் பரிசோதனை செய்வது நல்லது. ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது கனமான பயிற்சியை நிறுத்துங்கள். ஈரல் பரிசோதனையில் அளக்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் இரண்டும் தசையிலும் உண்டு; முந்தின நாள் லெக் டே போட்டுவிட்டுப் போனால் ஈரல் நன்றாக இருந்தும் அறிக்கையில் சிவப்பு அடிக்கும். சந்தேகம் தீர, பேக்கேஜில் இல்லாவிட்டாலும் ஜிஜிடி (ஈரல் பக்க என்சைம்), சிபிகே (தசை என்சைம்) இரண்டையும் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிபிகே ஏறி ஜிஜிடி சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் அது தசை. ஜிஜிடியும், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் சேர்ந்து ஏறினால், அல்லது சிறுநீர் கட்டன்டீ நிறத்தில் போனால், டப்பாவை அன்றே நிறுத்திவிட்டு அதையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.